பன்னெண்டு தட்டு, ஒரு கையெழுத்து

1

நான் பினாங்குக்கு வந்து இந்த மாசத்தோட இருபது வருஷம் ஆச்சு. அதை எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, ஊர்ல ஆண்டு மலர் போடுற பசங்க கடுதாசி போட்டிருக்காங்க. "மாமா, சபராளியா இருபது வருஷம் இருந்த அனுபவத்தை எழுதுங்க. நம்ம இளைஞர்களுக்கு ஊக்கமா இருக்கணும்."

ஊக்கம் வேணுமாம். சபராளின்னா யாருன்னு பறங்கிப்பேட்டையில இருக்கறவங்களுக்கு நான் சொல்லணுமா? கப்பல்ல போவான். மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவ வருவான். கோடாலித் தைலம், அத்தர், பூப்போட்ட துண்டு, இதெல்லாம் கொண்டாந்து குடுத்துட்டுத் திரும்பவும் போவான். நீங்க கேக்கறதும் அவ்வளவுதான், அவன் குடுக்கறதும் அவ்வளவுதான். இதுல எழுத என்ன இருக்கு?

அதனால நான் வேற எழுதப்போறேன். ஸ்பெயின் தேசத்துக் கிதாரைப் பத்தியும், எம்மவ ஹாஜிராவுக்கு நான் செஞ்ச துரோகத்தைப் பத்தியும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் ஞாபகம் வருது. போடுறதுன்னா போடுங்க, இல்லேன்னா அடுப்புல போடுங்க.

2

எனக்கு ரிக்கார்டு கடையில வேலை. காலையில ஒம்பது மணிக்குக் கதவைத் திறந்ததும் வாசல் ஸ்பீக்கர்ல பாட்டு ஆரம்பிச்சுடணும். தமிழ் ஒண்ணு, இந்தி ஒண்ணு, மலாய் ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போடணும், எந்த ஜாதிக்காரனும் கடையைத் தாண்டிப் போயிடக்கூடாது. முதலாளி நாகூர் பக்கத்துக்காரரு. நல்லவருதான், ஆனா ஸ்பீக்கர் ஒரு நிமிஷம் நின்னா உள்ளேருந்து இருமுவாரு. அந்த இருமலுக்கு நான் இருபது வருஷமா எழுந்து ஓடுறேன்.

ஒரு தடவ சரக்குப் பெட்டியில நாங்க கேக்காத ஒரு பெரிய ரிக்கார்டு வந்துடுச்சு. அட்டையில கறுப்புச் சட்டை போட்ட ஒரு ஆள் காலு மேல காலு போட்டுக் கிதாரை வச்சுக்கிட்டு, போட்டோ புடிக்கிறவனை மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான். ஆறு மாசம் எவனும் வாங்கலை. "எடுத்துக்கிட்டுப் போய்யா, எடத்தை அடைக்குது"ன்னு முதலாளி சொல்லிட்டாரு.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடையைச் சாத்தினா ரெண்டரை மணி வரைக்கும் திறக்கமாட்டோம். தொழுதுட்டு வந்து, உள்ளேயே ஒக்காந்து அதைப் போட்டேன். ரெண்டு நிமிஷம் ஓடியிருக்காது, தட்டு கெட்டுப்போனதுன்னு நிறுத்திட்டேன். நடுநடுவுல 'டொக், டொக்'குன்னு ஒரு சத்தம். ரிக்கார்டு கடைக்காரன் காதுக்கு அது கீறல். வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்கறேன், ஒரு கீறலையும் காணோம். ஊசியை மாத்திப் போட்டேன். திரும்பவும் அதே எடத்துல டொக்.

கிட்டக்க ஒரு ஓட்டல் பேண்டுல வாசிக்கிற பிலிப்பைன்காரன் ஒருத்தன் எங்க கடைக்கு வருவான், மாரியோன்னு பேரு. அவன்கிட்ட குறை சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். "கீறல் இல்ல பாய். அது அவன் விரல். கம்பியை மீட்டற கையாலயே கிதாரோட பலகையையும் தட்டறான். தட்டித் தட்டி மரம் ஓட்டை விழுந்துடும்னு அதுல தனியா ஒரு தகடு ஒட்டியிருப்பாங்க."

ஒரே கையில பாட்டும் தாளமும். அன்னிக்கு ஆரம்பிச்சுது எனக்குப் பைத்தியம்.

3

நான் பொறந்தது சிதம்பரம். எங்க பெரியவாப்பாவோட ஜவுளிக்கடையில ஒக்காந்து வீதியில போற தவிலை எல்லாம் கேட்டு வளந்த காது இது. யாரும் சொல்லிக்குடுக்கலை, ஆனா தாளம் எங்க விழும்னு தொடைக்குத் தெரியும். அந்தத் திமிர்ல இந்தக் கிதாருக்கும் தொடையைத் தட்டினேன். தாளம் ஒக்காரவே இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே போவேன். நான் அழுத்தற எடத்துல அவன் அழுத்தமாட்டான். அவன் அழுத்தற எடத்துல நான் மூச்சு விட்டுக்கிட்டு இருப்பேன். மாரியோ பாத்துட்டு, "ஒண்ணுல கனம் வைக்காத. பன்னெண்டுல வை"ன்னான். பன்னெண்டு தட்டு. மூணு, ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டு, இந்த அஞ்சு எடத்துல கனம். மொதல்ல அகலமா நடந்து, பின்னாடி கிட்டக் கிட்ட அடி வச்சு ஓடற மாதிரி வரும். ஒரு மாசம் கடையில துணியால தட்டைத் தொடைக்கறப்ப எல்லாம் பன்னெண்டு எண்ணிக்கிட்டே தொடைச்சேன்.

அதுல சொலெயான்னு ஒரு வகை. தனிமைன்னு அர்த்தமாம். மெதுவா வரும். ஒரு கம்பியைத் தொட்டுட்டு அப்படியே விட்டுடுவான், அது தானா அடங்கற வரைக்கும் காத்திருப்பான். அப்புறம் நாலு விரலையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா விரிச்சு எல்லாக் கம்பியையும் ஒரே இழுப்புல வாரி விடுவான். முறத்துல அரிசி புடைக்கற சத்தம் அது. புலேரியாஸ்னு இன்னொண்ணு, அதே பன்னெண்டுதான், ஆனா சண்டைக்கு வர்ற வேகம். ரெண்டாம் பக்கத்துல ஒருத்தன் பாடுறான். 'ஆஆய்'னு ஆரம்பிச்சதும் முதலாளி எட்டிப் பாத்து, "என்னய்யா, வயித்துவலியா?"ன்னாரு. எனக்கும் பாட்டு அவ்வளவு ஒட்டலை. கிதார் மட்டும் இருக்கற மொதல் பக்கம்தான் எனக்கு.

ஏன் புடிச்சுதுன்னு பல தடவ யோசிச்சிருக்கேன். எங்க ஸ்பீக்கர்ல நாள் பூரா ஓடற பாட்டெல்லாம் கெஞ்சுது. வான்னு கெஞ்சுது, போகாதேன்னு கெஞ்சுது, மன்னிச்சுக்கன்னு கெஞ்சுது. நானும் நாள் பூரா கெஞ்சறவன்தான். முதலாளிகிட்ட லீவுக்கு, இமிக்ரேஷன்ல முத்திரைக்கு. நான் இந்த ஊர்ப் பிரஜை இல்ல, சிவப்புக் கார்டுக்காரன்; ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்கே தனியா ஒரு பர்மிட் வாங்கணும். அந்தக் கவுண்டர்ல இருக்கற பையன் எம்மவன் வயசு. அவனைத் 'துவான், துவான்'னு கூப்புட்டுக்கிட்டுத் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நிப்பேன். இந்தக் கிதார் கெஞ்சலை. துக்கம் இருக்கு, அதை ஒளிக்கலை, ஆனா யாரோட தயவையும் கேக்கலை. நிமிந்து ஒக்காந்து துக்கப்படறான் அந்த ஆளு. எனக்கு அது வரலை, அதனால அதைக் கேட்டேன்.

நம்ம ஊர்ல சில பேர் இதைப் படிச்சதும் கெளம்புவீங்கன்னு தெரியும். "ஸ்பெயினா, அந்தலூஸ் நம்ம ஆளுங்க ஆண்ட பூமியில்ல"ம்பீங்க. அடுத்த மூச்சுலயே "ஆனா இசை ஹராம்"ம்பீங்க. ரெண்டையும் ஒரே வாயால சொல்ல உங்களாலதான் முடியும். மாரியோ சொன்னான், இதை வளத்தது அரசனுங்க இல்ல, ஊர் ஊரா வெரட்டுப்பட்ட ஜிப்ஸிக்காரங்கன்னு. எனக்கு அது போதும்.

4

அறுபத்தஞ்சுல லீவு கெடச்சுது. பெட்டி மாதிரி மூடற ஒரு பிளேயரையும் அந்தத் தட்டையும் எடுத்துக்கிட்டுக் கப்பல் ஏறினேன். நாகப்பட்டினம் கஸ்டம்ஸ்ல ஆபீசர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"என்னய்யா பாட்டு?"

"பாட்டு இல்ல சார். கிதாரு."

"பாட்டு இல்லாம எதுக்கு ரிக்கார்டு?"

இதுக்கு எந்த ஃபாரத்துல பதில் எழுதறது? போட்டுக் காட்டுன்னாரு. போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "கெட்டுப்போயிருக்கு, டொக்கு டொக்குங்குது"ன்னு சொல்லிப் பழசுன்னு எழுதி விட்டுட்டாரு. என் ஆயுசுல ஒரு ஆபீசரோட காதும் என் காதும் ஒண்ணா இருந்தது அந்த ஒரு தடவதான்.

பறங்கிப்பேட்டையில இருக்கறது என் சம்சாரம் சுலைகா வூடு. மலரை வேற ஊர்க்காரங்களும் படிப்பாங்க, அவுங்களுக்காகச் சொல்றேன்: எங்க பக்கத்துல பொண்ணு புருஷன் வூட்டுக்குப் போறதில்ல. மாப்பிள்ளைதான் பொண்ணு வூட்டுக்கு வரணும். மாடியில மாப்பிள்ளைக்குன்னு ஒரு ரூம். எத்தனை வயசானாலும் அவன் மாப்பிள்ளைதான். மரியாதைக்குக் குறைச்சல் இல்ல, பிரியாணியில நல்ல கறியா பாத்து அவன் தட்டுல வைப்பாங்க. ஆனா அந்த வூட்டு விஷயத்துல வாய் தொறக்க முடியாது. அங்க எல்லாம் சுலைகாவோட காக்கா, அதான் அவ அண்ணன், காதர் மச்சான் சொல்றதுதான். கடலூர் ஓ.டி.யில இரும்புக்கடை வச்சிருக்காரு. சாயங்காலம் ரயிலேறி வந்து, ஈஸிசேர்ல ஒக்காந்து தீர்ப்பு சொல்லுவாரு.

புள்ளைங்களுக்கு நான் விருந்தாளி. சின்னவன் மூணு நாள் என்னை 'மாமா'ன்னே கூப்புட்டான். சரிங்கறதுக்குப் பதிலா என் வாயில மலாய்ல 'போலே'ன்னு வந்துடும். தெருப்பசங்க எல்லாம் 'போலே மாப்பிள்ளை'ன்னு பேரு வச்சுட்டாங்க. சுலைகாவுக்கு என்கிட்ட பேச விஷயம் இல்ல. குறை இல்ல, விஷயம் இல்ல.

மாடியில கிதாரைப் போட்டா ஒவ்வொருத்தரா வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. "எப்ப பாட்டு வரும்?"னு கேட்டுட்டு எறங்கிப் போயிட்டாங்க. ஹாஜிரா மட்டும் போகலை. அவளுக்கு அப்ப பதினாலு வயசு, எட்டாவது முடிச்சிருந்தா. அஸர் தொழுதுட்டு மேல வருவா, சுவத்துல சாஞ்சு ஒக்காருவா. எதுவும் கேக்கமாட்டா. அஞ்சாறு நாள் கழிச்சு ஒரு நாள் தட்டு நின்னதும் சொன்னா:

"பன்னெண்டு வருது வாப்பா."

"என்ன பன்னெண்டு?"

"எண்ணினா பன்னெண்டு. ஆனா அவரு பத்துலயே முடிச்சுடறாரு. கடைசி ரெண்டையும் சும்மா வுடறாரு. அந்த ரெண்டும் காலியா இருக்கறதுதான் நல்லாருக்கு."

நான் ஒரு மாசம் துணியும் கையுமா எண்ணினதை, யாரும் சொல்லிக் குடுக்காம இவ எண்ணி, எனக்கே தெரியாத ஒண்ணையும் சேத்துச் சொல்றா. அன்னிலேருந்து நாங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சோம். கிதாரைப் பத்தி, கணக்குப் பாடத்தைப் பத்தி. மேல படிக்கணும்னா. எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கணும், அதுக்கப்புறம் கணக்கு டீச்சராகணும். வயசுக்கு வந்த பொண்ணுங்களை எங்க பக்கத்துல ஸ்கூலுக்கு அனுப்பறதில்ல. சிதம்பரத்துல எங்க ராத்தா, அதான் எங்க அக்கா, அவ வூட்டுல தங்கிப் படிக்கட்டும்னு நான் சொன்னேன். இருபது வருஷத்துல அந்த வூட்டுல நான் வாய் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். காதர் மச்சான் ஈஸிசேர்ல சாஞ்சுக்கிட்டே, "ஒங்க புள்ள மச்சான். ஒங்க இஷ்டம்"னாரு.

ஹாஜிராகிட்ட நான் சொன்னேன், "எஸ்.எஸ்.எல்.சி. முடிக்காம ஒனக்கு எதுவும் நடக்காது. வாப்பா வாக்கு." அவ சிரிச்சா.

நான் கெளம்பற அன்னிக்குக் காலையில மச்சான் சில தாள்களைக் கொண்டாந்து வச்சாரு. சபராளி கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி எல்லார் வூட்டுலயும் நடக்கறதுதான். வூட்டு வரி, ரேஷன், அது இது. அதுல ஒண்ணு வக்காலத்து. ஒரு பொண்ணுக்கு நிக்காஹ் நடக்கணும்னா அவ வாப்பா ஒப்பணும். அவரு கடல் தாண்டி இருந்தா, அவருக்குப் பதிலா ஒருத்தர் நின்னு ஒப்பறதுக்கு எழுதிக் குடுக்கற தாள் அது. என் மகள் ஹாஜிராவைன்னு இருந்துச்சு. மாப்பிள்ளை பேரு எழுதற எடம் காலி.

"இதெதுக்கு மச்சான் இப்ப?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு. கடுதாசி போக வர எத்தனை நாளாவுது? எல்லாரும் போட்டு வைக்கறதுதானே."

எல்லாரும் போட்டு வைக்கறாங்க, உண்மைதான். என் மாமனார் போட்டாரு, அவரு சபர்ல இருந்தப்பதான் என் நிக்காஹ் நடந்துச்சு. படிக்காம நான் போடலை. எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் போட்டேன். போட மாட்டேன்னு சொன்னா மச்சானை நம்பலைன்னு ஆயிடும். வாசல்ல வண்டி வேற நின்னுக்கிட்டு இருந்துச்சு. மரியாதைக்காகப் போட்டேன். வாழ்க்கையில நான் செஞ்ச முட்டாள்தனம் எல்லாமே மரியாதைக்காகச் செஞ்சதுதான்.

5

ஒரு வருஷம் சிதம்பரத்துல படிச்சா. கணக்குல மொதல். அடுத்த வருஷம் நோன்பு லீவுக்கு வூட்டுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பலை. சுலைகாவுக்கு எழுத வராது. வூட்டுலேருந்து எனக்கு வர்ற கடுதாசி எல்லாத்தையும் எழுதறது ஹாஜிராதான். மச்சான் சொல்லச் சொல்ல எழுதுவா. 'ஹாஜிராவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருடம் போகலாம்' அப்படின்னு அவளைப் பத்தி அவளே எழுதி வந்துச்சு. அந்த உருண்டையான எழுத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குப் புரியாமலா இருந்துச்சு? புரிஞ்சுது. 'உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்'னு பதில் போட்டேன்.

நாலு மாசம் கழிச்சு இன்னொரு ஏர்மெயில். கடைவாசல்ல நின்னு பிரிச்சேன், மேல ஸ்பீக்கர் பாடிக்கிட்டு இருக்கு. 'நமது மகள் ஹாஜிராவுக்கும், கடலூர் முதுநகர்...' அப்படின்னு ஆரம்பிச்சு, சிங்கப்பூர்ல மளிகைக்கடையில இருக்கற ஒரு பையனோட பேரு, அவன் வாப்பா பேரு, நிக்காஹ் நடந்த தேதி. 'தங்கள் துஆ பரக்கத்தால் எல்லாம் இனிதே முடிந்தது.' எழுத்து ஹாஜிரா எழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது. தன் கல்யாணம் முடிஞ்ச சேதியைத் தன் வாப்பாவுக்கு, மாமன் சொல்லச் சொல்ல ஒக்காந்து எழுதியிருக்கா எம்புள்ள.

உள்ளேருந்து முதலாளி இருமினாரு. தட்டு முடிஞ்சிருந்துச்சு. போயி மாத்திப் போட்டேன்.

அன்னிக்கு மத்தியானம் ஒரு ஏர்மெயில் வாங்கி எழுத ஒக்காந்தேன். துரோகின்னு எழுதணும்னு இருந்துச்சு. ஆனா வூட்டுல என் கடுதாசியை யார் படிப்பா? கூடத்துல எல்லாரும் ஒக்காந்திருக்க, ஹாஜிராதான் சத்தமாப் படிச்சுக் காட்டணும். நான் மச்சானைத் திட்டினா அவ வாயால திட்டணும். நான் அழுதா அவ வாயால அழணும். 'அல்ஹம்துலில்லாஹ். மிகவும் சந்தோஷம். மணமக்களுக்கு என் துஆ'ன்னு எழுதினேன். அதையும் அவ கூடத்துல நின்னு படிச்சிருப்பா.

லீவு முடிஞ்சு வந்ததுலேருந்தே வெள்ளிக்கிழமைகள்ல கிதார் கெடையாது. தட்டையும் பிளேயரையும் ஹாஜிராவுக்காக ஊர்லயே விட்டுட்டு வந்திருந்தேன். இந்தக் கடுதாசிக்கப்புறம், இன்னொண்ணு வரவழைக்கலாம்னு மாரியோ சொன்னான். வேணாம்னுட்டேன்.

6

போன பெருநாளுக்கு ஊருக்குப் போனேன். மாடி ரூம் இப்ப புது மாப்பிள்ளையோடது. அவரு நாப்பது நாள் இருந்துட்டுச் சிங்கப்பூர் போனவரு, இன்னும் வரலை. இருந்தாலும் ரூம் அவரோடதுதான், எனக்குக் கீழ கூடத்தை ஒட்டின உள்ரூம். அந்தப் பையனைப் பத்திக் குறை சொல்ல மாட்டேன். ஹாஜிராவுக்குப் பதினோரு வயசு மூத்தவன், நல்ல பையன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் மூஞ்சியைப் பாத்ததில்ல.

ஹாஜிராவுக்கு ஒரு பொண்ணு, எட்டு மாசம். என் பிளேயரை மச்சான் கடலூர்க் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. கேட்டதும் "போலே போலே"ன்னு சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாரு. மனுஷருக்கு மனசுல கள்ளம் இல்ல. அதுதான் எனக்கு ஜாஸ்தி எரியுது. அவரு செஞ்சது தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தோணவே இல்ல. புள்ளையைக் கரையேத்திட்டேன்னு என் முதுகைத் தட்டுறாரு.

ஒரு நாள் சுலைகா பக்கத்து வூட்டுக்குப் போயிருந்தா. ஹாஜிரா டீ கொண்டாந்து வச்சா. ஒரு மாசமா அவ என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசலை; தனியா ஏன்னு கேக்க எடம் கெடைக்கலை, கெடச்சப்பவும் தைரியம் வரலை.

"தட்டு எங்க இருக்கும்மா?"

"மேல பெட்டியில இருக்கு வாப்பா. பத்திரமாத்தான் வச்சிருக்கேன்."

"போட்டுக் கேக்கலாமா?"

"வேணாம் வாப்பா. அதைக் கேட்டா எண்ணத் தோணுது. எண்ண ஆரம்பிச்சா ஸ்கூல் ஞாபகம் வருது. புள்ளைக்குப் பால் குடுக்கறப்ப எல்லாம் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். இப்பத்தான் நின்னிருக்கு."

எனக்குத் தாங்கலை. ரெண்டு வருஷமா வாய்க்குள்ள வச்சிருந்ததைச் சொல்லிட்டேன். "ஹாஜிரா, வாப்பா மேல கோவமா இருக்கியாம்மா? எனக்குத் தெரியாதும்மா. மாப்பிள்ளை பேரையே நான் ஒன் கடுதாசியிலதான் பாத்தேன். சந்தோஷம்னு எழுதினது பொய். என்னைக் கேக்காமதான் நடந்துச்சு."

அவ அழுவான்னு நெனைச்சேன். அப்படி அழுதா நானும் அழுதுடலாம்னு இருந்தேன். அவ அழலை. முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, என் மூஞ்சியைப் பாத்தா.

"தெரியும் வாப்பா. நிக்காஹ் அன்னிக்கு அந்த வக்காலத்துத் தாளை என் முன்னாடி வச்சாங்க. ஒங்க கையெழுத்து நீல மையில, மாப்பிள்ளை பேரு கறுப்பு மையில இருந்துச்சு. நீங்க பாத்து எழுதலைன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட பேசமாட்டேங்கற?"

"அதுக்குத்தான் வாப்பா பேசலை. நீங்க அவரைப் பத்தி விசாரிச்சு, இந்தப் பையன்தான் எம்மவளுக்குன்னு முடிவு பண்ணிப் பேரெழுதிக் குடுத்திருந்தா, ஸ்கூல் போனா போவுதுன்னு இருந்திருப்பேன். எங்க வாப்பா எனக்குன்னு ஒண்ணு யோசிச்சாருன்னு இருந்திருக்கும். வெறுந்தாள்ல என்னை எழுதிக் குடுத்துட்டுல்ல கப்பல் ஏறிட்டீங்க."